பிரிட்ஜா போட்ட ரவுட்டரோட அட்மின் பேஜ் திறக்கலயா? ரீசெட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

கீழ் வீட்ல ஃபைபர் பாக்ஸ் இருக்கு, மாடிக்கு சிக்னல் ஒழுங்கா வரல, பரண்ல கெடந்த பழைய ரவுட்டர எடுத்து வைஃபை வழியா கீழ இருக்கறதோட சேத்துவிட்டு, அதோட லேன் போர்ட்லேர்ந்து டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் கேபிள் போட்டாச்சு. இப்படி வைஃபைய வாங்கி கேபிள்ல கொடுக்கற மாடி ரவுட்டரத்தான் பிரிட்ஜுன்னு சொல்றோம். நெட் நல்லாவே வருது. ரெண்டு மாசம் கழிச்சு கீழ பாஸ்வேர்டு மாத்தணும்னோ சேனல் மாத்தணும்னோ மாடி ரவுட்டருக்குள்ள போகணும்னு பாத்தா அட்மின் பேஜ் திறக்க மாட்டேங்குது, 192.168.0.1 அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கு, 192.168.1.1 அடிச்சா கீழ் வீட்டு ரவுட்டர் பேஜ் வருது. இங்கதான் முக்கால்வாசி பேர் குண்டூசிய எடுத்து ரீசெட் ஓட்டைல குத்திடறாங்க. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, பெரும்பாலும் ரவுட்டருக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, நீங்க கூப்பிடற அட்ரஸ்ல அது இல்ல, அவ்ளோதான் விஷயம்.

ஒண்ணு மட்டும் முதல்ல தெளிவா புரிஞ்சுக்கணும். பிரிட்ஜ் வேலை செய்யறதுக்கு அதுக்குன்னு ஒரு ஐபி அட்ரஸ் தேவையே இல்ல. கேபிள்ல வர்ற டேட்டாவ வைஃபைக்கு தள்ளும், வைஃபைல வர்றத கேபிளுக்கு தள்ளும், உங்க கம்ப்யூட்டருக்கு ஐபி கொடுக்கறதே கீழ இருக்கற மெயின் ரவுட்டர்தான். பிரிட்ஜோட ஐபி அதோட செட்டிங்ஸ் பேஜ திறக்கறதுக்கு மட்டும்தான். அதனால நெட் வருது, ஆனா பேஜ் வரலன்னா அதுல முரண்பாடு எதுவும் இல்ல. 192.168.1-ங்கறத தெரு பேர்னும் கடைசி நம்பர கதவு நம்பர்னும் வச்சுக்கோங்க, உங்க கம்ப்யூட்டர் 192.168.1-ங்கற தெருவுல நின்னுக்கிட்டு 192.168.0-ங்கற தெருவுல இருக்கற வீட்ட கூப்பிடுது. வேற தெருன்னு தெரிஞ்சதும் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னா அந்த ரிக்வெஸ்ட்ட கேட்வேக்கு, அதாவது கீழ் ரவுட்டருக்கு அனுப்பிடும், அதுக்கும் அப்படி ஒரு இடம் தெரியாது, வெளிய நெட் கம்பெனி பக்கம் தள்ளிவிடும், அங்க அது காணாமப் போயிடும். பக்கத்துலயே ஒரு மீட்டர் கேபிள்ல இருக்கற ரவுட்டர் வரைக்கும் அந்த ரிக்வெஸ்ட் போகவே இல்ல.

மொதல்ல உங்க அட்ரஸ் என்னன்னு பாருங்க

லேப்டாப்ப பிரிட்ஜோட லேன் போர்ட்ல கேபிள்ல மாட்டுங்க. லேப்டாப்போட வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, இது ரொம்ப முக்கியம், ரெண்டும் ஆன்ல இருந்தா எந்த வழியா போகுதுன்னே தெரியாது, ஒரு மணி நேரம் வீணாப் போகும். விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிங்க. ஈதர்நெட்டுக்கு கீழ ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வேன்னு மூணு வரி வரும். 

192.168.1.34 மாதிரி ஏதாவது வந்து கேட்வே 192.168.1.1னு இருந்தா, பிரிட்ஜ் வழியா மெயின் ரவுட்டர்கிட்டேர்ந்து ஐபி வந்திருக்கு, வயர்லெஸ் லிங்க் நல்லா இருக்குன்னு அர்த்தம். 169.254-னு ஆரம்பிச்சா யாருமே ஐபி கொடுக்கல, கம்ப்யூட்டர் தானா ஒண்ண வச்சுக்கிச்சுன்னு அர்த்தம், அப்போ பிரிட்ஜுக்கும் மெயின் ரவுட்டருக்கும் நடுவுல வைஃபையே அறுந்திருக்கு, அந்தக் கதை கீழ வருது. கேட்வேயே பிரிட்ஜோட அட்ரஸா இருந்தா உங்க ரவுட்டர் பிரிட்ஜாவே இல்ல, வேற மோட்ல ஓடுது, அதையும் கீழ சொல்றேன்.

இப்போ பிரிட்ஜ் எந்த அட்ரஸ்ல இருக்கலாம்னு யோசிக்கணும். பெரும்பாலும் ரெண்டே வாய்ப்புதான். ஒண்ணு, ஃபேக்டரில வச்ச பழைய அட்ரஸ்லயே உக்காந்திருக்கு. இல்லன்னா மெயின் ரவுட்டர்கிட்ட போய் உங்க ஃபோன், டிவி மாதிரியே ஒரு ஐபி வாங்கி வச்சிருக்கு. 

பழைய அட்ரஸ்லயே இருந்தா

ரவுட்டர கவுத்துப் போட்டு அடியில இருக்கற ஸ்டிக்கர பாருங்க, பாதி மாடல்ல ஐபியே அச்சடிச்சிருக்கும். டிபி-லிங்க்ல 192.168.0.1 இல்ல 192.168.1.1, அதே கம்பெனி எக்ஸ்டெண்டர், ஆக்சஸ் பாயிண்ட் பலதுல 192.168.0.254, டி-லிங்க்கும் டெண்டாவும் 192.168.0.1, நெட்கியர், லிங்க்சிஸ் 192.168.1.1, ஷாவ்மி 192.168.31.1, மைக்ரோடிக் 192.168.88.1, புது ஏசுஸ் 192.168.50.1. கம்பெனி சாஃப்ட்வேருக்கு பதிலா ஓபன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி மாதிரி வேற சாஃப்ட்வேர் ஏத்தியிருந்தா 192.168.1.1.

அந்தத் தெருவுக்கே நீங்க போயிட வேண்டியதுதான், அதாவது லேப்டாப்புக்கு கைல ஐபி கொடுக்கணும். விண்டோஸ் கீயும் ஆர்-உம் சேத்து அழுத்தி என்சிபிஏ டாட் சிபிஎல்னு (ncpa.cpl) அடிச்சா நெட்வொர்க் அடாப்டர் எல்லாம் வரிசையா வரும். ஈதர்நெட் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதுல இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4-ஐ டபுள் கிளிக் பண்ணுங்க. தானா ஐபி வாங்குறதுங்கற புள்ளிய மாத்தி கீழ இருக்கறத தேர்ந்தெடுத்து ஐபி 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 போடுங்க. கேட்வே, டிஎன்எஸ் (வெப்சைட் பேர ஐபியா மாத்திச் சொல்றது) ரெண்டையும் காலியா விட்டுடுங்க, ஒரே தெருவுக்குள்ள பேசறதுக்கு கேட்வே வேண்டாம். ஓகே கொடுத்துட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங் (ping) 192.168.0.1னு அடிச்சுப் பாருங்க, அந்த அட்ரஸ்ல ஆள் இருக்கான்னு கேக்கறதுதான் பிங். ரிப்ளை வந்தா ஆள் அங்கதான் இருக்காரு, பிரவுசர்ல அந்த அட்ரஸ அடிச்சா பேஜ் திறந்திடும். இந்த நேரத்துல நெட் வராது, பயப்படாதீங்க, வேலை முடிஞ்சதும் பழையபடி தானா வாங்குறதுக்கு மாத்திடுங்க, மாத்த மறந்துட்டு நாளைக்கு நெட் வரலன்னு கம்பெனிக்கு ஃபோன் போடறவங்க நிறைய பேர் உண்டு.

டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்னு உங்க சொந்த ஐபிலேர்ந்தே பதில் வந்தா அந்த அட்ரஸ்ல யாருமே இல்ல, அடுத்த அட்ரஸ முயற்சி பண்ணுங்க, அதுக்கு ஏத்த மாதிரி உங்க ஐபியோட மூணாவது நம்பரையும் மாத்திக்கணும். 192.168.31.1 தேடறீங்கன்னா உங்களுக்கு 192.168.31.50. லினக்ஸ், மேக் வச்சிருக்கறவங்களுக்கு இன்னும் சுலபம், இருக்கற அட்ரஸ விடாம ரெண்டாவதா ஒரு அட்ரஸ சேத்துக்கலாம், நெட்டும் போகாது.

லேப்டாப் இல்ல, ஃபோன் மட்டும்தான்னா ஆண்ட்ராய்டுல அந்த வைஃபை பேர தொட்டு எடிட்ல போய் ஐபி செட்டிங்ஸ ஸ்டேட்டிக்னு மாத்தி இதையே பண்ணலாம், பிரிட்ஜ் தானும் ஒரு வைஃபை பேர் வெளிய விடுதுன்னா அதுல சேந்துக்கோங்க. ஆனா மொபைல் டேட்டாவ கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. இந்த வைஃபைல நெட் இல்லன்னு தெரிஞ்சதும் ஃபோன் சத்தமில்லாம டேட்டாவுக்கு தாவிடும், நீங்க அடிக்கற 192.168.0.1 மொபைல் கம்பெனி பக்கம் போயிட்டு இருக்கும், ரவுட்டர் செத்துப்போச்சுன்னு நீங்க நினைப்பீங்க.

மெயின் ரவுட்டர்கிட்ட ஐபி வாங்கியிருந்தா

ஏசுஸ்ல மீடியா பிரிட்ஜ் மோட், இன்னும் பல ரவுட்டர்ல எக்ஸ்டெண்டர் மோட் எல்லாம் பொதுவா இந்த வகைதான், மோட் மாத்தின உடனே பழைய அட்ரஸ விட்டுட்டு மெயின் ரவுட்டர் கொடுக்கற ஐபிய எடுத்துக்கும். இதுக்கு லேப்டாப்ல எதையும் மாத்த வேண்டாம். மெயின் ரவுட்டருக்குள்ள போய் டிஹெச்சிபி (எல்லாருக்கும் தானா ஐபி கொடுக்கற வேலை) கிளையன்ட் லிஸ்ட் இல்ல கனெக்டட் டிவைசஸ்னு இருக்கற பக்கத்த திறங்க. பிரிட்ஜோட ஸ்டிக்கர்ல மேக் அட்ரஸ்னு 12 எழுத்து இருக்கும், அது அந்தக் கருவிக்கு கம்பெனி வச்ச அடையாள நம்பர், அத லிஸ்ட்ல தேடுங்க. கடைசி எழுத்து ஒண்ணு ரெண்டு தள்ளி இருந்தாலும் அதுதான், ஏன்னா லேன் போர்ட்டுக்கு ஒரு மேக், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஒண்ணு, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒண்ணுன்னு பக்கத்து பக்கத்து நம்பரா வச்சிருப்பாங்க. மேக்கோட முதல் 6 எழுத்து தயாரிச்ச கம்பெனிய குறிக்கும், அத வச்சும் கண்டுபிடிக்கலாம். மெயின் ரவுட்டர் பாஸ்வேர்டு உங்ககிட்ட இல்லன்னா ஃபோன்ல ஃபிங் மாதிரி ஒரு ஸ்கேனர் ஆப் போட்டு வீட்டு நெட்வொர்க்க ஸ்கேன் பண்ணுங்க, கம்பெனி பேரோட வரிசையா காட்டும்.

இங்க ஒரு குழப்பம் வரும். ஸ்கேன் பண்ணும்போது ஒரே மேக் அட்ரஸ் ரெண்டு மூணு ஐபிக்கு எதிர்ல வரலாம். அது கோளாறு இல்ல. சாதாரண வைஃபைல ஒரு கிளையன்ட் அனுப்பற ஃப்ரேம்ல, அதாவது டேட்டா பொட்டலத்துல, மூணு அட்ரஸுக்குதான் இடம், தன்கிட்ட பதிவான மேக்லேர்ந்து வர்றத மட்டும்தான் மெயின் ரவுட்டர் ஏத்துக்கும். பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற டிவியோட மேக்க அது பதிவே பண்ணல. அதனால பிரிட்ஜ் டிவியோட டேட்டாவ தன்னோட மேக்ல மாத்தி அனுப்புது, பதில் வந்தா ஐபிய பாத்து திருப்பி டிவிக்கு கொடுக்குது. டபிள்யூடிஎஸ்ங்கற, ரவுட்டரையும் ரவுட்டரையும் வைஃபைல சேக்கற மோட்ல நாலு அட்ரஸ் இருக்கற ஃப்ரேம் போகும், அங்க இந்த மாத்தற வேலை இல்ல, ஆனா ரெண்டு பக்க ரவுட்டரும் அத ஒத்துக்கணும், வேற வேற கம்பெனி ரவுட்டரா இருந்தா பல நேரம் ஒத்து வராது. ஆக ஒரே மேக்ல மூணு ஐபி தெரிஞ்சா அதுல ஒண்ணு பிரிட்ஜ், மத்தது டிவியும் கம்ப்யூட்டரும். மூணையும் பிரவுசர்ல அடிச்சுப் பாருங்க, லாகின் கேக்கறது எதுவோ அது.

ரவுட்டர் பெட்டில டிபி-லிங்க் வைஃபை டாட் நெட், ரவுட்டர்லாகின் டாட் நெட்னு ஒரு பேர் போட்டிருப்பாங்களே, அத அடிச்சா ஏன் வரலன்னு கேப்பீங்க. அந்தப் பேர் வேலை செய்யறது ரவுட்டரே உங்க டிஎன்எஸ் கேள்விக்கு நடுவுல புகுந்து நான்தான் அதுன்னு பதில் சொல்றதாலதான். பிரிட்ஜா இருக்கும்போது டிஎன்எஸ் கேள்வி அத தாண்டி மெயின் ரவுட்டருக்கோ வெளியவோ போயிடுது, அதனால பல நேரம் அந்தப் பேர் உதவாது. இன்னும் மோசம், கீழயும் அதே கம்பெனி ரவுட்டர் இருந்தா அதோட பேஜ் திறக்கும், இதுதான் மாடி ரவுட்டர்னு நினைச்சு கீழ் ரவுட்டர் செட்டிங்ஸ மாத்திடுவீங்க. திறக்கற பேஜ்லயே மாடல் நம்பர் எழுதியிருக்கும், பாத்துட்டு கை வைங்க.

ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ்னா

மெயின் ரவுட்டரும் 192.168.1.1, பிரிட்ஜும் 192.168.1.1. நெட் வரும் போகும், சில நேரம் கீழ் பேஜ், சில நேரம் மாடி பேஜ், பாஸ்வேர்டு சரியா அடிச்சாலும் தப்புன்னு சொல்லும், ஏன்னா நீங்க அடிக்கறது வேற ரவுட்டர்ல. இதுக்கு ரொம்ப லேசான வழி இருக்கு. மெயின் ரவுட்டர பவர் ஆஃப் பண்ணிடுங்க. இப்போ அந்த அட்ரஸ்ல மிச்சம் இருக்கறது ஒரே ஆள்தான். லேப்டாப்புக்கு 192.168.1.50 கைல கொடுத்து 192.168.1.1 திறந்தா மாடி ரவுட்டர்தான் வரும், லேன் செட்டிங்ஸ்ல போய் 192.168.1.2னு மாத்தி சேவ் பண்ணுங்க, அதுக்கப்புறம் கீழ ஆன் பண்ணிக்கோங்க. வீட்ல யாராவது மீட்டிங்ல இருந்தா சொல்லிட்டு ஆஃப் பண்ணுங்க.

பிரிட்ஜுன்னு நினைச்சது பிரிட்ஜே இல்லன்னா

பல ரவுட்டர்ல விஸ்ப்னு ஒரு மோட் இருக்கு, கிளையன்ட் மோட்னும் சில இடத்துல போட்டிருப்பாங்க. பாக்க பிரிட்ஜ் மாதிரியேதான் இருக்கும், வைஃபைய வாங்கி லேன் போர்ட்ல கொடுக்கும், ஆனா உள்ள நேட்ங்கற, அட்ரஸ மாத்தி அனுப்பற வேலை ஓடும், மாடிக்கு தனி நெட்வொர்க், கீழ தனி நெட்வொர்க். அடையாளம் என்னன்னா மாடில மாட்டின லேப்டாப்புக்கு கேட்வே 192.168.0.1னு வரும், அங்கேர்ந்து பேஜும் ஜோரா திறக்கும், ஆனா ஹால்ல உக்காந்து திறந்தா வராது, ஹால்ல இருக்கற ஃபோன்லேர்ந்து மாடி டிவிக்கு காஸ்ட்டும் ஆகாது. மெயின் ரவுட்டர் லிஸ்ட்ல அதுக்கு 192.168.1.37னு ஒரு ஐபி தெரியும், அத அடிச்சாலும் திறக்காது, ஏன்னா ரவுட்டருக்கு அந்தப் பக்கம்தான் வெளியுலகம், ஃபயர்வால் தடுத்திடும். ரிமோட் மேனேஜ்மென்ட்ட ஆன் பண்ணா திறக்கும், ஆனா என் கருத்துல உங்களுக்கு வேண்டியது காஸ்ட்டும் பிரிண்டரும் எல்லாம் ஒரே நெட்வொர்க்ல இருக்கறதுன்னா நேரா பிரிட்ஜ் மோடுக்கே மாத்திடறது நல்லது.

இன்னொரு மாட்டல், கெஸ்ட் நெட்வொர்க். மெயின் வைஃபை பாஸ்வேர்டு நீளமா இருக்குன்னு பிரிட்ஜ கெஸ்ட் பேர்ல சேத்துவிட்டிருப்பாங்க. கெஸ்ட்ல இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாத மாதிரிதான் வச்சிருப்பாங்க, நெட் மட்டும் வரும். வைஃபைல சேந்தவங்கள தனித்தனியா பிரிச்சு வைக்கற ஏபி ஐசொலேஷன் ஆன்ல இருந்தாலும் இதே கதை.

ஐபி பதில் சொல்லுது, பேஜ் மட்டும் வரல

பிங்குக்கு ரிப்ளை வந்தா முக்கால் கிணறு தாண்டியாச்சு. பிரவுசர் தானாவே எச்டிடிபிஎஸ்னு போட்டு திறக்கப் பாக்கும், பழைய ரவுட்டருக்கு அது தெரியாது, அதனால அட்ரஸுக்கு முன்னாடி எச்டிடிபிய முழுசா கைல அடிங்க, எஸ் இல்லாம. விபிஎன் ஓடினா நிறுத்துங்க. பிரைவேட் விண்டோல திறந்து பாருங்க, பழைய குக்கியால லாகின் சுத்திக்கிட்டே இருக்கும். சில மாடல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் லாகின் பண்ண முடியும், ஃபோன் ஆப்ல திறந்து வச்சிருந்தா மூடிடுங்க. வைஃபை பாஸ்வேர்டும் அட்மின் பாஸ்வேர்டும் வேற வேற, இத குழப்பிக்காதீங்க.

லிங்கே அறுந்திருந்தா

169.254 வந்தவங்களுக்கு இது. பிரிட்ஜுக்குள்ள போறது மேல சொன்ன அதே கை ஐபி வழிதான், வைஃபை அறுந்தாலும் பிரிட்ஜுக்கு நிலையான அட்ரஸ் இருந்தா கேபிள்ல அது பதில் சொல்லும். மெயின்கிட்ட ஐபி வாங்கற வகைன்னா பல மாடல் ஸ்டிக்கர்ல போட்ட அட்ரஸுக்கு திரும்பிடும், அங்க தேடுங்க. உள்ள போனப்புறம் ஏன் அறுந்துச்சுன்னு பாக்கணும். கீழ பாஸ்வேர்டு மாறியிருந்தா இங்கயும் மாத்துங்க. கீழ புது ரவுட்டர் டபிள்யூபிஏ3-ங்கற புது பாதுகாப்பு முறை மட்டும்னு வச்சிருந்தா பழைய ரவுட்டரால சேரவே முடியாது, டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த ஆப்ஷன போடுங்க. சேனல் ஆட்டோல இருந்தா அதுவும் காரணம், 5 கிகாஹெர்ட்ஸ்ல 52லேர்ந்து 144 வரைக்கும் ரேடார பாத்து ஒதுங்க வேண்டிய சேனல், பழைய ரவுட்டர் பலது அந்தப் பக்கமே போகாது, மெயின் ரவுட்டர் ஒரு நாள் ராத்திரி 100க்கு மாறிடுச்சுன்னா பிரிட்ஜுக்கு கண்ணே தெரியாது. 36லேர்ந்து 48க்குள்ள ஒண்ண நிலையா போட்டுடுங்க. 2.4னா 1, 6, 11ல ஒண்ணு.

ஓபன்டபிள்யூஆர்டில ரிலேடி வச்சு பிரிட்ஜ் பண்ணவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதுல லேனுக்கு வேணும்னே வேற சப்நெட் கொடுத்திருப்பீங்க, 192.168.2.1 மாதிரி, கை ஐபி போட்டா அது எப்பவும் திறக்கும். மெயின் பக்கத்து ஐபில திறக்கலன்னா அந்த வயர்லெஸ் இன்டர்ஃபேஸ் ஃபயர்வால்ல வேன் ஸோன்ல இருக்கும், லேன் ஸோனுக்கு மாத்துங்க.

இத்தனையும் பாத்து எதுவுமே பதில் சொல்லலன்னாதான் ரீசெட். மத்த கேபிள் எல்லாத்தையும் கழட்டிட்டு லேப்டாப் மட்டும் மாட்டி, பவர் ஆன்ல இருக்கும்போது பட்டன 10 செகண்ட் அழுத்திப் பிடிங்க, லைட் எல்லாம் சிமிட்டி அணைஞ்சு வரும். லேப்டாப்புக்கு தொடக்கத்துலேர்ந்தே கை ஐபி வச்சுக்கோங்க, அப்போதான் நடுவுல டிஹெச்சிபிய ஆஃப் பண்ணும்போது வெளிய தள்ளப்பட மாட்டீங்க. மொதல்ல லேன் ஐபிய மெயின் ரவுட்டரோட தெருவுக்கு மாத்துங்க, 192.168.1.2 மாதிரி, மெயின் ரவுட்டர் 100லேர்ந்து 199 வரைக்கும்தான் கொடுக்குதுன்னா அந்த எல்லைக்கு வெளிய இருக்கற நம்பரா இருக்கணும், இல்லன்னா ஒரு நாள் அதே நம்பர ஏதாவது ஃபோனுக்கு கொடுத்திடும். சேவ் பண்ண உடனே பேஜ் நின்னுடும், அது சரிதான், லேப்டாப் ஐபியையும் 192.168.1.50க்கு மாத்திட்டு புது அட்ரஸ்ல உள்ள வாங்க. அப்புறம் பிரிட்ஜ் செட்டிங், மெயின் வைஃபை பேர், பாஸ்வேர்டு. டிபி-லிங்க் 841என் மாதிரி பழைய மாடல்ல வயர்லெஸ் செட்டிங்ஸ்ல டபிள்யூடிஎஸ்னு ஒரு டிக் இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே சேனல் இருக்கணும். கடைசியா டிஹெச்சிபி சர்வர ஆஃப் பண்ணுங்க, விட்டீங்கன்னா ரெண்டு பேர் ஐபி கொடுக்க ஆரம்பிச்சு வீட்ல பாதி ஃபோனுக்கு நெட் வராம போகும். எல்லாம் ஓடுதுன்னு பாத்ததும் பேக்கப் ஃபைல எடுத்து வச்சுட்டு, ஒரு துண்டு பேப்பர்ல 192.168.1.2னு எழுதி ரவுட்டர் மேலயே ஒட்டிடுங்க.

ஃபைபர் கம்பெனி மாறும்போது இது எல்லாம் ஒரு தடவ ஆட்டம் காணும், அத இப்பவே சொல்லிடறேன். புது பாக்ஸுக்கு பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வச்சீங்கன்னா பிரிட்ஜ் தானா போய் சேந்துக்கும், நெட்டும் வரும். ஆனா ஜியோ ஃபைபர் பாக்ஸ்னா வீடு முழுக்க 192.168.29 தெருவுக்கு போயிருக்கும், பிரிட்ஜ் மட்டும் 192.168.1.2லயே நிக்கும், ஒட்டி வச்ச அட்ரஸ அடிச்சா வராது. லேப்டாப்புக்கு 192.168.1.50 போட்டு உள்ள போய் பிரிட்ஜ 192.168.29.2க்கு மாத்துங்க, அந்த நம்பர் புது பாக்ஸ் கொடுக்கற எல்லைக்குள்ள வருதான்னு அதோட டிஹெச்சிபி பக்கத்துல பாத்துக்கோங்க, வந்தா எல்லைய 100லேர்ந்து ஆரம்பிக்கற மாதிரி தள்ளி வைங்க, பேப்பர்லயும் புது நம்பர எழுதிடுங்க.